விதி வகுப்பவரே அபராதம் விதிக்கலாமா?

இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களும் சாலை விதிகளும்: குடிமையியல் வகுப்புக்கு ஒரு பாடம்

சமூக அறிவியல் பாடநூல்களில் உள்ளாட்சி ஒரு பாடமாகவும் சாலைப் பாதுகாப்பு இன்னொரு பாடமாகவும் இடம்பெறுகின்றன. உள்ளாட்சியின் பணிகள் எவை என்று கேட்டால் குடிநீர், தெருவிளக்கு, குப்பை அகற்றுதல் என்று மாணவர்கள் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். சாலை விதியை மீறினால் யார் நடவடிக்கை எடுப்பார்கள் என்று கேட்டால் ‘போலீஸ்’ என்று ஒரே குரலில் பதில் வரும். நம் நாட்டைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியான விடைதான்.

இங்கிலாந்தில் இந்த இரண்டு பாடங்களும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ‘வலப்புறம் திரும்பக் கூடாது’ என்ற பலகையை மீறித் திரும்பிய வண்டிக்கு, நகர மன்றமோ மாவட்ட மன்றமோ நேரடியாக அபராத அறிவிப்பு அனுப்ப முடியும். இடையில் காவலர் இல்லை. முதற்கட்டத்தில் நீதிமன்றமும் இல்லை.

இதைக் கேட்டதும் விவரமான மாணவர் ஒருவர் எழுப்பக்கூடிய கேள்வி இது: ‘அந்தத் தெருவில் திரும்பக் கூடாது என்று முடிவு செய்வது மன்றம். கேமரா வைத்துக் கண்காணிப்பது மன்றம். அபராதம் விதிப்பது மன்றம். பணமும் மன்றத்துக்கே போகிறது. இது நியாயமா?’

குடிமையியலின் மையமான கேள்விகளுள் இதுவும் ஒன்று. அதிகாரம் ஒரே கையில் சேரும்போது அதை எப்படிக் கட்டுப்படுத்துவது? இதற்கு விடை தேடும் வகையில் இந்தப் பாடத்தை அமைத்துக்கொள்ளலாம்.

குற்றமா, விதிமீறலா?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். வேகவரம்பை மீறுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஆபத்தாக ஓட்டுவது ஆகியவை அங்கே குற்றவியல் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றைக் காவல்துறைதான் கையாள்கிறது. தண்டனையாக ஓட்டுநர் உரிமத்தில் புள்ளிகள் ஏறும். மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் வண்டி ஓட்டும் உரிமையையே இழக்க நேரிடலாம்.

உள்ளாட்சி மன்றம் கையாள்பவை உரிமையியல் விதிமீறல்கள். இவற்றுக்கு அபராதம் மட்டுமே உண்டு. உரிமத்தில் புள்ளி ஏறாது, குற்றப் பதிவும் இருக்காது. இன்னொரு வேறுபாடும் உண்டு. குற்றவியல் வழக்கில் வண்டியை ஓட்டியவரே பொறுப்பாளர். உரிமையியல் அபராதத்தில், யார் ஓட்டியிருந்தாலும், பொதுவாக வண்டியின் உரிமையாளரே பொறுப்பாளர். கேமராவில் வண்டி எண்தான் தெளிவாகத் தெரியும், ஓட்டியவரின் முகம் தெரியாது என்பதால் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இந்த அதிகாரம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1991-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், வண்டி நிறுத்தும் விதிகளை அமல்படுத்தும் பணியைக் காவல்துறையிடமிருந்து உள்ளாட்சிகளுக்கு மாற்ற வழி செய்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியோடு அது தொடங்கியது. லண்டன் மாநகரின் மன்றங்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஓடும் வண்டிகளின் விதிமீறல்களையும் கையாளும் அதிகாரத்தைக் கொடுத்தது. நாட்டின் பிற பகுதிகளுக்கும் இதை விரிவாக்க 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் இடம் வைத்தது. ஆனாலும் லண்டனுக்கு வெளியே, இங்கிலாந்தில் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 2022 மே 31 அன்றுதான். சட்டம் இயற்றப்பட்டு 18 ஆண்டுகள் கழித்து!

இடைப்பட்ட காலத்தில் மற்ற நகரங்களில் ‘திரும்பக் கூடாது’ பலகையை மீறுபவரைக் காவலர் மட்டுமே பிடிக்க முடியும். காவல்துறைக்கோ அதைவிட அவசரமான பணிகள் பல. பலகை இருந்தது, அதைக் காப்பாற்ற ஆள் இல்லை. சட்டம் எழுதப்படுவதும் அது நடைமுறையில் இருப்பதும் ஒன்றல்ல என்று மாணவர்களுக்கு விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

எந்தெந்த விதிகள்?

மன்றங்கள் கையாளக்கூடிய விதிமீறல்கள் சட்டத்தின் அட்டவணையில் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் முக்கியமானவை:

• வலப்புறம், இடப்புறம் திரும்பத் தடை, பின்திரும்பத் தடை
• ‘நுழையக் கூடாது’ பலகையும் ஒருவழிப்பாதையும்
• மோட்டார் வண்டிகளுக்குத் தடை செய்யப்பட்ட தெருக்கள்
• கனரக வண்டிகளுக்கான எடைக் கட்டுப்பாடு
• பேருந்துகளுக்கும் மிதிவண்டிகளுக்கும் மட்டும் ஒதுக்கப்பட்ட பாதைகள்
• சாலைச் சந்திப்பில் வரையப்படும் மஞ்சள் கட்டம்

மஞ்சள் கட்டத்தைச் சற்று விளக்க வேண்டும். சந்திப்பின் நடுவே குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் கோடுகள் வரையப்பட்டிருக்கும். கட்டத்தைத் தாண்டி எதிர்ப்புறம் போய் நிற்க இடம் இருந்தால்தான் அதற்குள் நுழைய வேண்டும். இடம் இல்லாமல் நுழைந்து நடுவில் நின்றுவிட்டால் குறுக்குச் சாலை முழுவதும் அடைபடும். ஒரு விதிவிலக்கு உண்டு: வலப்புறம் திரும்பும் வண்டி, வெளியேறும் சாலை காலியாக இருந்து, எதிரே வரும் வண்டிகளுக்காக மட்டும் காத்திருந்தால் கட்டத்துக்குள் நிற்கலாம். நம்மைப் போலவே அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் செல்வதால் இந்த விதியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாலே மாணவர்களுக்குப் புரிந்துவிடும்.

பள்ளி வாசலில் ஒரு விதி

ஆசிரியர்களாகிய நமக்கு இந்த அதிகாரத்தின் மிக நெருக்கமான பயன், ‘பள்ளித் தெரு’ என்று அழைக்கப்படும் ஏற்பாடு. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் பள்ளியை ஒட்டிய தெருவில் மோட்டார் வண்டிகள் நுழையத் தடை விதிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பள்ளி நாள்களில் மட்டும். அந்தத் தெருவில் குடியிருப்போர், உடற்குறை உள்ளோர், ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றோருக்கு விலக்கு உண்டு.

இதன் தேவையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட வேண்டும் என்று பெற்றோர் வண்டியில் வருகிறார்கள். அப்படி வரும் வண்டிகளே வாசலில் குவிந்து, நடந்தும் மிதிவண்டியிலும் வரும் பிள்ளைகளுக்கு ஆபத்தாகின்றன. ஒவ்வொருவரும் தம் பிள்ளையின் நலனுக்காகச் செய்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் இடராக முடிகிறது. தனிநபர் விருப்பத்துக்கு மேலாகப் பொது விதி ஒன்று ஏன் தேவை என்று கற்பிக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

லண்டனில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட பள்ளித் தெருக்கள் உருவாகியுள்ளன. அங்குள்ள மன்றங்களுக்குக் கேமரா மூலம் அபராதம் விதிக்கும் அதிகாரம் முன்பே இருந்தது இதற்குக் கைகொடுத்தது. ஸ்காட்லாந்திலும் பள்ளித் தெருக்கள் உண்டு. ஆனால் அங்கே இந்த விதியை அமல்படுத்துவது காவல்துறையின் பொறுப்பு. ஒரே நோக்கம், ஒரே வகைப் பலகை. அமல்படுத்தும் கை மட்டும் வேறு.

கேமரா வைப்பதற்கு முன்

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். நான்கு வேலையும் ஒரே மன்றத்தின் கையில் இருக்கும்போது நியாயத்தை உறுதிசெய்வது எது? லண்டனுக்கு வெளியே உள்ள மன்றங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளைப் பார்த்தால் விடை புலப்படும்.

முதலாவது, அனுமதி. எந்த மன்றமும் தானாக இந்த அதிகாரத்தை எடுத்துக்கொள்ள முடியாது. மைய அரசுக்கு விண்ணப்பித்து ஆணை பெற வேண்டும். 2022 ஜூலையில் முதல் தொகுதியாக அனுமதி பெற்றவற்றுள் ஆக்ஸ்போர்டுஷயர், கென்ட், சர்ரே, நார்போக், டெர்பி, ரெடிங் ஆகியவை அடங்கும்.

இரண்டாவது, கலந்தாலோசனை. மாவட்டக் காவல் தலைவரைக் கலந்துகொள்ள வேண்டும். எந்தெந்த இடத்தில் எந்த விதியை அமல்படுத்தப் போகிறோம் என்று அறிவித்து, குறைந்தது 6 வாரங்கள் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். வந்த ஆட்சேபங்களையும் பரிசீலிக்க வேண்டும்.

மூன்றாவது, சாலையைச் சரிசெய்தல். விதிமீறல் அதிகமாக நடக்கும் இடத்தில் முதலில் பலகை தெளிவாகத் தெரிகிறதா, கோடுகள் அழியாமல் உள்ளனவா, சாலையின் அமைப்பே ஓட்டுநரைக் குழப்புகிறதா என்று பார்க்க வேண்டும். திருத்தி அமைத்தால் தீரும் சிக்கலுக்கு அபராதம் மருந்தாகாது. கேமராவும் அங்கீகரிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும்.

நான்காவது, எச்சரிக்கைக் காலம். புதிதாகக் கேமரா வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதல் 6 மாதங்களுக்கு, முதல் முறை மீறும் வண்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டுமே போகும். அதே வண்டி அதே இடத்தில் மறுபடி மீறினால்தான் அபராதம்.

ஐந்தாவது, பணம். வருவாய் ஈட்டுவது இதன் நோக்கமாக இருக்கக் கூடாது என்றும், இத்தனை அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைக்கக் கூடாது என்றும் அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. செலவு போக மிஞ்சும் தொகையைப் பொதுப் போக்குவரத்து, சாலை மேம்பாடு, சுற்றுச்சூழல் மேம்பாடு போன்ற சட்டம் குறிப்பிடும் பணிகளுக்கு மட்டுமே செலவிடலாம்.

அறிவிப்பு வந்த பிறகு

அபராத அறிவிப்பு உரிமையாளரின் வீட்டுக்கு அஞ்சலில் வருகிறது. எந்த இடம், எந்த நேரம், எந்த விதி என்பதோடு படமும் இருக்கும். காணொளியைப் பார்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. லண்டனுக்கு வெளியே இத்தகைய மீறல்களுக்குப் பொதுவாக 70 பவுண்ட் அபராதம். 21 நாள்களுக்குள் கட்டினால் பாதி, அதாவது 35 பவுண்ட். கட்டாமலும் மறுக்காமலும் விட்டுவிட்டால் தொகை 105 பவுண்டாக உயரும். லண்டனில் இந்தத் தொகை 2025 நிலவரப்படி 160 பவுண்ட்.

அறிவிப்பு தவறு என்று கருதினால் 28 நாள்களுக்குள் மன்றத்துக்கே எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். விதிமீறல் நடக்கவே இல்லை, அன்று வண்டி தன்னுடையது இல்லை, வண்டி திருடுபோயிருந்தது, நடைமுறையில் பிழை உள்ளது எனப் பல காரணங்களைச் சட்டம் ஏற்கிறது. இவை எதிலும் அடங்காத, ஆனால் மறுக்க முடியாத தக்க காரணம் இருந்தாலும் சொல்லலாம். மன்றம் 56 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். இந்த ஒரு விதியை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லலாம். கெடு குடிமக்களுக்கு மட்டும் விதிக்கப்படவில்லை, அலுவலகத்துக்கும் விதிக்கப்பட்டிருக்கிறது.

மன்றம் மறுத்துவிட்டால் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். லண்டனுக்கு ஒன்று, இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் மற்றொன்று. முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. விசாரிப்பவர் மன்றத்தின் ஊழியர் அல்லர். சட்டத் தகுதி பெற்ற சுதந்திரமான தீர்ப்பாளர். அவருடைய முடிவு மன்றத்தைக் கட்டுப்படுத்தும்.

மாணவரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நான்கு வேலைகளையும் மன்றமே செய்தாலும், ஐந்தாவது வேலையாகிய தீர்ப்பளிக்கும் வேலை அதன் கையில் இல்லை.

குறைகளும் உண்டு

இந்த ஏற்பாட்டை மாசற்றது என்று அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மஞ்சள் கட்டங்கள் தேவைக்கு மேல் பெரிதாக வரையப்படுகின்றன, அதனால் கவனமாக ஓட்டுபவரும் சிக்கிக்கொள்கிறார் என்று அங்குள்ள வாகன ஓட்டிகள் அமைப்புகள் குறைகூறுகின்றன. தொடர்ந்து ஏராளமான அபராதம் வசூலாகும் ஓர் இடம், அங்குள்ளோரெல்லாம் அலட்சியக்காரர்கள் என்பதைக் காட்டுகிறதா, அல்லது அந்த இடத்தின் வடிவமைப்பே பிழை என்பதைக் காட்டுகிறதா என்ற கேள்வியும் எழுகிறது. பாதித் தொகைச் சலுகைக்கும் இன்னொரு முகம் உண்டு. வாதாடித் தோற்றால் முழுத் தொகையும் கட்ட நேரிடலாம் என்று அஞ்சி, தவறு செய்யாதவரும் பாதியைக் கட்டிவிட்டுப் போகலாம். பள்ளித் தெருவிலிருந்து விலக்கப்பட்ட வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டால் அங்குள்ளவர்களுக்கு அது புதிய தொல்லை.

வகுப்பில் இந்தக் குறைகளையும் சேர்த்தே விவாதிக்க வேண்டும். பாதுகாப்புகள் எழுத்தில் இருந்தால் போதாது, அவை வேலை செய்கின்றனவா என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் குடிமக்களின் கடமை.

நம் ஊரில்

நம் நாட்டில் சாலை விதிகளுக்கு அடிப்படை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், மின்னணுக் கருவிகள் மூலம் சாலைகளைக் கண்காணிக்க 136-ஏ பிரிவைச் சேர்த்தது. விதிமீறலுக்கு நடவடிக்கை எடுப்போர் காவல்துறையினரும் போக்குவரத்துத் துறையினரும். ஊருக்குள் உள்ள தெருக்கள், நடைபாதைகள், தெருவிளக்குகள் ஆகியவற்றைப் பராமரிப்பது பெரும்பாலும் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் பணி. எனவே பள்ளி வாசலில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் எந்தக் கோரிக்கையை யாரிடம் கொண்டுபோவது என்று தெரிந்திருப்பதே ஒரு குடிமைத் திறன்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க நிலை: சாலைக் குறியீடுகளை வடிவத்தாலும் நிறத்தாலும் பிரிக்கச் செய்யலாம். சிவப்பு வட்டம் தடையைக் காட்டும்; நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியதைக் காட்டும்; முக்கோணம் எச்சரிக்கும். இரு நாடுகளிலும் இந்த அடிப்படை ஒன்றே. தரையில் சுண்ணக்கட்டியால் மஞ்சள் கட்டம் வரைந்து, மாணவர்களையே வண்டிகளாக நடக்கவிட்டால் விதியின் காரணத்தை அவர்களே கண்டுகொள்வார்கள்.

நடுநிலை: பள்ளி வளாகத்துக்குள் இருந்தபடியே, ஆசிரியர் மேற்பார்வையில், பள்ளி தொடங்கும் முன் அரை மணி நேரம் வாசலைக் கவனித்துக் குறிப்பெடுக்கலாம். எத்தனை பேர் நடந்து வந்தனர், எத்தனை மிதிவண்டி, எத்தனை இருசக்கர மோட்டார் வண்டி, எத்தனை கார், ஆட்டோ, வேன்? நெரிசல் எந்த நேரத்தில் உச்சம்? இதைப் பட்டை வரைபடமாக்கினால் கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும். வண்டி எண்களையோ ஆட்களின் பெயர்களையோ குறிக்க வேண்டாம். பின்னர் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதப் பயிற்சி தரலாம்.

உயர்நிலை: வகுப்பிலேயே ஒரு தீர்ப்பாயம் நடத்தலாம். மன்றத்தின் தரப்புக்கு ஒரு குழு, உரிமையாளர் தரப்புக்கு ஒரு குழு, தீர்ப்பாளர்களாக மூவர். தீர்ப்பைக் காரணத்துடன் எழுதித் தர வேண்டும் என்பது நிபந்தனை. கற்பனையான மூன்று வழக்குகள்:

1. தடைப் பலகையை மரக்கிளை மறைத்திருந்தது. ஓட்டுநர் திரும்பிவிட்டார். (சிந்திக்க: கண்ணுக்குத் தெரியாத விதி ஒருவரைக் கட்டுப்படுத்துமா? கிளையை வெட்டியிருக்க வேண்டியது யார்?)

2. பின்னால் வந்த ஆம்புலன்ஸுக்கு வழிவிட, இடமில்லாதபோதும் மஞ்சள் கட்டத்துக்குள் போய் நின்றார். (சிந்திக்க: மீறல் நடந்தது உண்மை. தக்க காரணம் இருக்கிறதா? இத்தகைய நிலையில் இங்கிலாந்துத் தீர்ப்பாளர், மறுபரிசீலனை செய்யுமாறு மன்றத்துக்குப் பரிந்துரைக்கலாம். இரக்கத்தின் பேரில் தானே ரத்து செய்துவிட முடியாது. இது சரியான ஏற்பாடா?)

3. மழை நாளில் பிள்ளை நனையக் கூடாது என்று தந்தை பள்ளித் தெருவுக்குள் காரைக் கொண்டுவந்தார். (சிந்திக்க: அதே மழையில் நடந்து வந்த பிள்ளைகளின் தரப்பை யார் பேசுவார்?)

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

அ. குற்றவியல் தண்டனைக்கும் உரிமையியல் அபராதத்துக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டைக் கூறுக.
ஆ. முதல் 6 மாத எச்சரிக்கைக் காலம் ஏன் தேவை?
இ. அபராதப் பணத்தை மன்றம் விரும்பியபடி செலவிட அனுமதித்தால் என்ன நேரும்?
ஈ. தீர்ப்பாளர் மன்றத்தின் ஊழியராக இருந்தால் உங்களுக்கு நம்பிக்கை வருமா? காரணம் தருக.
உ. உங்கள் பள்ளி வாசலுக்கு ஒரு சாலை விதி வகுக்கும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டால், யார் யாரைக் கலந்துகொள்வீர்கள்? யாருக்கு விலக்கு அளிப்பீர்கள்?

கடைசி வினாவுக்கு மாணவர்கள் எழுதும் விடைகளைப் பத்திரப்படுத்தி வைக்கலாம். தடை செய்வதைப் பற்றி மட்டும் எழுதுகிறார்களா, தடையால் பாதிக்கப்படுபவரையும் நினைத்துப் பார்க்கிறார்களா என்று அதில் தெரியும். பள்ளிக்குள்ளும் விதி வகுப்பவர், கண்காணிப்பவர், தண்டிப்பவர் ஆகிய மூவருமாக நாமே நிற்கிறோம். ஆகவே, வகுப்பு விதிகளை மாணவர்களோடு கலந்து பேசி வகுப்பது, முதல் முறை எச்சரிப்பது, மறுத்துப் பேச ஒரு வாய்ப்புத் தருவது ஆகியவற்றை நம் வகுப்பிலேயே தொடங்கிப் பார்க்கலாம்.